ஆயுள்: பூச்சியம் நாள்

வவுனியாவில் ஒரு காணி அலுவலகத்தில் வேலை செய்த நாட்களில் என்னைக் கந்தோரில் ‘கொம்பியூட்டர்காரர்’ என்று சொல்வார்கள். அந்தப் பட்டத்துக்காக நான் செய்த தவம் சிறியது. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, “இங்கே யாருக்குத் தட்டச்சுத் தெரியும்?” என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் புத்தியாக நிலத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்திருந்த ஒரே தலை என்னுடையது.

உண்மையான கணனி கொழும்பில் இருந்தது. ஒரு மாடியையே அடைத்துக்கொண்டு குளிரூட்டிய அறைக்குள் கிடந்த அந்தப் பெரிய மெஷினை நான் ஒருநாளும் கண்டதில்லை. நாட்டிலுள்ள அரச காணிகளின் அட்டவணையை அது நெஞ்சில் வைத்திருந்தது. எங்களிடம் இருந்தது அதன் ஒரு கண் மட்டும்: கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ரெலிபோன் கம்பி வழியே கூப்பிட்டால் முதலில் ஒரு விசில் கேட்கும், பிறகு தொண்டைச் செருமல், பிறகு மழை தூரத்தில் வருவது போல ஓர் இரைச்சல். அதற்குப் பிறகு பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக நீந்தி மேலே வரும். பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய மயக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே சம்பளம் தருகிறார்கள் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்தக் கண் திறக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில், எட்டெழுத்துக்கு மேற்படாமல். முப்பது நாள் ஆனதும் அது காலாவதியாகிவிடும். பாணுக்கும் மருந்துக்கும் காலாவதி உண்டென்று தெரியும்; ஒரு சொல்லும் ஊசிப்போகும் என்பதை அங்கேதான் அறிந்தேன். பழைய பன்னிரண்டு சொற்களை மெஷின் ஞாபகம் வைத்திருக்கும். திரும்பக் கொடுத்தால் ஏற்காது. ஆகவே மாதத்தில் ஒரு காலை, ஐந்து பேர் கொண்ட எங்கள் கந்தோர் முழுவதும் பேனையை வாயில் வைத்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் கவியரங்கம் என்று நினைத்திருக்கலாம். ஒருவர் பிள்ளைகளின் பெயர்கள் முடிந்து, மனைவியின் தங்கைகளின் பெயர்களுக்குப் போய், அது வீட்டில் தெரியவந்து, இரண்டு நாள் கடைச் சாப்பாடு சாப்பிட்டார்.

எங்கள் தலைமை எழுத்தரான பிரதம லிகிதரை எல்லாரும் அக்கா என்போம். அவர் குளங்களின் பெயர்களை வைத்தார். மாதம் ஒரு குளம். அவருடைய ஊர் கனகராயன்குளம். அது எட்டெழுத்தில் அடங்காது. “எங்கட ஊர் அதின்ர வாய்க்குள்ள கொள்ளாதாம். கொழும்பிலயும் எங்களைச் சுருக்கித்தான் பாக்கினம்” என்பார். அவருடைய குளங்கள் எல்லாம் அந்தக் குளிர் அறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கி நிற்பதாக நான் நினைத்துக்கொள்வேன். கண் சொருகும்போது பச்சை எழுத்துகளுக்கு அடியில் தாமரை இலை அசையும். அக்கா கோப்புக் கட்டை மேசையில் தொம்மென்று போடும்போது தண்ணீர் வற்றிவிடும்.

பிழையான சொல்லை மூன்று தடவை கொடுத்தால் கதவு சாத்தப்படும். திறப்பதற்குக் கொழும்பு ஒரு தற்காலிகச் சொல்லை மூடிய உறையில் பதிவுத் தபாலில் அனுப்பும். அந்தத் தற்காலிகச் சொல்லின் ஆயுள் ஏழு நாள். கடிதம் எங்களிடம் வந்து சேர ஒன்பது நாள். உறையைப் பிரிக்கும்போது எங்கள் முகங்கள் செத்தவீட்டுத் தந்தியைப் பிரிப்பவர்களின் முகங்களாக இருக்கும். உள்ளே இருப்பது ஏற்கெனவே இறந்துபோன சொல் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் மரியாதைக்கு ஒருதடவை அடித்துப் பார்ப்போம்.

இந்த நிலையை விளக்கி நான் பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். கொழும்பு இரங்கி, எங்கள் ஐந்து பேரின் விபரத்தை மட்டும் நானே பார்த்துத் திருத்தலாம் என்று எனக்கு ஓர் அதிகாரம் தந்தது. பாவனையாளர் பட்டியல் என்று அதற்குப் பெயர். ஐந்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஆளின் அடையாளம், கடைசியாக வந்த நாள், சொல்லின் ஆயுள் எத்தனை நாள், ஒரு சொல்லை மாற்றினால் மறுபடி மாற்ற எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்ற விபரங்கள். ஐந்து பேரின் ஆயுளும் என் விரல் நுனியில். அன்று பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது வீதியோரத்தில் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்களுக்குக்கூட நான் தலையசைத்து ஆசி வழங்கியதாக ஞாபகம்.

அதிகாரம் கிடைத்த முதல் வெள்ளிக்கிழமையே அதைப் பாவித்தேன். ஆயுள் என்ற இடத்தில் முப்பது என்று இருந்தது. இந்த முப்பதால்தானே இவ்வளவு துன்பம்? முப்பதை அழித்துப் பூச்சியம் போட்டேன். என் கணக்கில் பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் காலாவதியே இல்லை. அக்காவின் குளம் இனி வற்றாது. மற்றவர் தன் மைத்துனிமாரை விட்டுவிட்டு நிம்மதியாக மனைவியின் பெயரை வைக்கலாம். ஐந்து வரிக்கும் பூச்சியம் போட்டேன், என்னுடைய வரிக்கும் சேர்த்து. யாருக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. காலையில் மெஷின், ‘உமது சொல் காலாவதியாகிவிட்டது, புதியது தருக’ என்றது. புதியது கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறு நொடியே, ‘இதுவும் காலாவதியாகிவிட்டது, புதியது தருக’ என்றது. இன்னொன்று கொடுத்தேன். ‘இன்று மாற்றிய சொல்லை இன்றே மாற்ற முடியாது’ என்றது. மாற்றாமல் உள்ளே வர முடியாது, மாற்றவும் கூடாது. பூச்சியம் என்பதை மெஷின் நேராகவே எடுத்திருந்தது: இந்தச் சொல் பூச்சியம் நாள் வாழும். பிறந்த நொடியிலேயே மூச்சு நின்றுவிடும். பூச்சியத்தைத் திருத்த நான் உள்ளே போகவேண்டும். என்னையும்தான் வெளியே வைத்துப் பூட்டியிருந்தேனே.

அக்கா கேட்டார். “என்ன காணும், ஐஞ்சு பேருக்கும் ஒரே கதை சொல்லுது?”

“லைன் சரியில்லை அக்கா,” என்றேன்.

எங்கள் பக்கத்தில் அந்த விடையை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். இருபது வருடமாக எல்லாவற்றுக்கும் லைன்தான் சரியில்லாமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நானா வந்தார். செட்டிகுளம் பக்கத்து முஸ்லிம் மனிதர்; அவர்கள் முறையில் அண்ணனை நானா என்போம். சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு, சண்டை நின்று பாதை திறந்த பிறகு திரும்பி வந்து, பூவரசங்குளத்தில் உறவினர் வீட்டு விறாந்தையில் தங்கியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கதிரையைக் காட்டினால் அதன் நுனியில் மட்டும் உட்காருவார், மிச்சக் கதிரையை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருப்பது போல.

அவருடைய வாப்பாவுக்கு அரசாங்கம் அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுத்த பேமிற் காணி ஒன்று இருந்தது. பேமிற் கடதாசி வீட்டோடு எரிந்துவிட்டது. உள்ளூரில் இருந்த கோப்பும் எங்கோ போய்விட்டது. வியாழக்கிழமை காலை அந்தப் பகுதிக்குக் காணிக் கச்சேரி, அதிகாரி நேரில் வந்து நடத்தும் விசாரணை. உரியவர் ஆதாரத்தோடு வந்தால் காணி அவருக்கு. வராவிட்டால் ஆளில்லாத காணியென்று எழுதி, கேட்டு நிற்கும் வேறு ஆட்களுக்குப் பிரித்துவிடுவார்கள். கொழும்பு மெஷினில் இருக்கும் வரியை அச்செடுத்து எங்கள் முத்திரை குத்திக் கொடுத்தால் போதும், அது ஆதாரம்.

“ஒரு வரிதானே தம்பி,” என்றார் நானா. “புத்தளத்துல இருக்கக்குள்ள எல்லாரும் சொல்லுவாங்க, கடதாசி எரிஞ்சாலும் கொழும்புல மெஷினுக்குள்ள இருக்கும், அது எரியாது எண்டு. அத நம்பித்தான் இவ்வளவு காலமும் படுத்தெழும்பின.”

“நாளைக்கு வாங்கோ நானா. லைன் கொஞ்சம் சரியில்லை.”

“நாளைக்கு வாறன். நாளண்டைக்குக் கச்சேரி. அதுக்குள்ள சரிவரும்தானே?”

“ஓம், ஓம்,” என்றேன். இரண்டு தடவை ஓம் சொன்னால் இல்லை என்று அர்த்தம் என்பது அக்காவுக்குத் தெரியும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

புதன்கிழமை காலையில் கொழும்பைக் கூப்பிட்டேன். மெஷின் அறைக்குப் பொறுப்பான மனிதர் ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பது போல மெதுவாக ஆங்கிலம் பேசுவார். கதவு சாத்திவிட்டது, ஏனென்று தெரியவில்லை என்று சொன்னேன். இரண்டாவது பாதி பொய். தபாலில் அனுப்ப நேரமில்லை என்று கெஞ்சியதும், ரெலிபோனில் ஒரு தற்காலிகச் சொல் தர ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: சரியாகப் பத்து மணிக்கு அதைத் திறந்துவிடுவார், அரை மணித்தியாலத்தில் அது தானாக மூடிவிடும். அதற்குள் நான் உள்ளே போகவேண்டும். ஒரு துண்டில் ‘10’ என்று எழுதிக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் மணிக்கூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது எங்களுக்கு இரண்டு நேரங்கள் இருந்தன. அரசாங்கம் சில வருடங்களுக்கு முன் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. அது புது நேரம். ஓமந்தைக்கு அப்பால், இயக்கம் ஆண்ட பக்கத்தில், அந்தத் தள்ளலை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம். ஓமந்தைச் சோதனை நிலையத்தில் மணிக்கணக்காக வரிசையில் நின்று அப்பால் போகிறவர்களுக்கு அரை மணித்தியாலம் திருப்பிக் கிடைக்கும். இந்தப் பக்கம் வரும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் அப்பாலிருந்து வருபவர்கள் என்பதால் சுவர் மணிக்கூட்டைப் பழைய நேரத்தில் ஓடவிட்டிருந்தோம். எங்கள் கைமணிக்கூடுகள் புது நேரம். யாருக்கும் நேரம் குறித்துக் கொடுக்கும்போது துண்டில் ‘ப’ அல்லது ‘பு’ என்று ஓர் எழுத்தைப் பக்கத்தில் போடவேண்டும். அதை மறந்தவர்களுக்கு நான் உபதேசம் செய்வதுண்டு. “ஒரு எழுத்துத்தானே, போட்டால் கை முறிஞ்சிடுமோ?” என்று கேட்பேன்.

என் துண்டில் எழுத்து இல்லை. என் கைமணிக்கூடு பற்றரி மாற்றக் கடையில் கிடந்தது.

நானா ஒன்பதரைக்கே வந்து கதிரை நுனியில் அமர்ந்திருந்தார். நான் திரைக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பூசைக்கு ஆயத்தமானவன் மாதிரி இருந்தேன். சுவர் மணிக்கூடு பத்தைத் தொட்டதும் கூப்பிட்டேன். விசில், செருமல், மழை. தற்காலிகச் சொல்லை அடித்தேன்.

‘காலாவதியாகிவிட்டது.’

மறுபடி அடித்தேன். அதே வரி.

அக்கா எழுந்து வந்து என் துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

“இப்ப நேரம் என்ன?”

“பத்து அக்கா.”

“உது பழைய நேரமெல்லோ! கொழும்பிலை பத்தரை தாண்டிட்டுது. அந்தாள் திறந்து வைச்சுக்கொண்டு இருக்க, நீர் இஞ்சை சம்மணம் கொட்டிக்கொண்டு இருந்தனீர்!” என்று துண்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். “எங்கை உம்மட எழுத்து? கை முறிஞ்சதோ?”

நானாவுக்குக் கதை விளங்கியது. மெல்லச் சிரித்தார். “அரை மணித்தியாலம் எங்க தம்பி போச்சு?”

எனக்கும் அதுதான் கேள்வி. அந்த அரை மணித்தியாலம் முழுக்க நான் விழித்துக்கொண்டு, ஆயத்தமாக, கையைக் கழுவிக்கொண்டு இருந்தேன். அது கொழும்பில் நடந்து முடிந்துவிட்டது. இங்கே இன்னும் வந்திருக்கவில்லை. இரண்டுக்கும் இடையில், ஓமந்தைக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் எங்கேயோ, பாலை மரங்களின் கீழே, ஒருவருக்கும் சொந்தமில்லாத அரை மணித்தியாலங்கள் மாடுகளைப் போலப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆளில்லாத நேரம். கச்சேரி வைத்துத்தான் பிரிக்கவேண்டும். அக்கா மேசையில் தட்டினார்.

“கனாக் காணாமல் திருப்பி எடும் கோலை!”

கொழும்பு மனிதர் கோபிக்கவில்லை. பதினொன்றரைக்கு மறுபடி திறப்பதாகச் சொன்னார். இம்முறை துண்டில் ‘பு’ என்று கோழிமுட்டை அளவில் எழுதினேன். அக்கா தன் கைமணிக்கூட்டைக் கழற்றித் திரைக்குமேல் வைத்தார். பதினொன்றரைக்கு ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டேன். எங்களிடம் இரண்டு லைன் இருந்தது. ஒன்றில் அவர், மற்றதில் அவருடைய மெஷின்.

“திறந்துவிட்டேன்,” என்றார்.

அடித்தேன். ‘காலாவதியாகிவிட்டது.’

“இன்னொரு சொல் போடுகிறேன். இப்போது?”

‘காலாவதியாகிவிட்டது.’

அவர் சொன்னார்: “விசித்திரமாக இருக்கிறது. நான் கொடுத்த உடனேயே இறந்துவிடுகிறது. உங்கள் கந்தோரின் சொற்களுக்கு மட்டும் ஏதோ நோய். நான் இங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கவேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகலாம்.”

நான் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு அதை அக்காவிடமும் நானாவிடமும் சொன்னேன்.

“வேற வழி இல்லையோ? கொழும்புல இருந்து பக்ஸ்ல அனுப்ப ஏலாதா?” என்று கேட்டார் நானா.

அக்கா தலையசைத்தார். “பக்ஸ் பேப்பரைக் கச்சேரியிலை எடுக்கமாட்டினம் நானா. ரெண்டு நாளிலை வெளிறிப்போகும். எங்கட பேப்பரிலை எங்கட சீல் இருக்கோணும்.”

நானா சாரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “பரவாயில்ல தம்பி. நீங்களும் என்னத்த செய்ற? ரெண்டு நாளா எனக்காகக் கஷ்டப்பட்டுட்டீங்க. லைன் இல்லாட்டி ஆராலதான் என்ன செய்ய ஏலும்.”

அவர் ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஏச்சு வாங்குவதில் எனக்குச் சிறுவயதிலிருந்தே நல்ல பழக்கம், உடம்பில் ஒட்டாது. அவர் நன்றி சொல்லிவிட்டார். அவர் முதல் படியில் காலை வைத்தபோது என் வாய் தானாகத் திறந்தது.

“நானா, நில்லுங்கோ. பிழை லைனிலை இல்லை, என்னிலை.”

அக்கா திரும்பினார். ரெலிபோனில் இருந்த கையை எடுத்தேன். அந்தக் கொழும்பு மனிதருக்கு என்னிடமிருந்த ஆங்கிலம் அத்தனையும் சேர்த்துச் சொன்னேன்: வெள்ளிக்கிழமை நான் பட்டியலுக்குள் போனேன், ஆயுளில் பூச்சியம் போட்டேன், ஐந்து பேருக்கும் போட்டேன், மூன்று நாளாக மறைத்தேன். ஒவ்வொரு வசனத்தையும் அக்காவுக்கும் நானாவுக்குமாகத் தமிழில் இன்னொருதடவை சொன்னேன். வெட்கத்தை இரண்டு பாஷையில் ஒரே நேரத்தில் பட்டவர்கள் ஊரில் வேறு யாரும் இருக்கிறார்களோ தெரியாது.

“பூச்சியமா?” என்றார் அவர்.

“ஓம் சேர். காலாவதி இல்லை என்று வரும் என நினைத்தேன்.”

“நீங்கள் ‘ஒருபோதும் இல்லை’ என்று நினைத்திருக்கிறீர்கள். அது ‘இப்போதே’ என்று எடுத்திருக்கிறது.” விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. “ஆம். ஐந்து பூச்சியம் இருக்கிறது. நான் சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன், ஆயுளைப் பார்க்கவில்லை. முப்பது போடுகிறேன். இன்னொன்று, மிஸ்டர். அந்த அதிகாரத்தையும் இப்போதே எடுத்துவிடுகிறேன்.”

“எடுத்துவிடுங்கள் சேர்,” என்றேன். ஐந்து நாள் ஆண்டேன். எங்கள் பக்கத்தில் அதைவிடக் குறைவாக ஆண்டவர்களும் இருக்கிறார்கள்.

தற்காலிகச் சொல்லை அடித்தேன். கதவு திறந்தது. ‘உமது புதிய சொல்லைத் தருக’ என்று பச்சை எழுத்து நின்று கண்சிமிட்டியது. வழமையாக இந்த இடத்தில் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன். அன்று எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மூளை முழுவதும் வெண்மையாக, குளிராக, கொழும்பு அறை மாதிரி இருந்தது.

“என்ன வைக்க?” என்றேன், யாரையென்று இல்லாமல்.

“மடையன் எண்டு வையும்,” என்றார் அக்கா.

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி விரல்விட்டு எண்ணினேன். சரியாக எட்டெழுத்து. ஒரு இடமும் மிச்சமில்லாமல் அளவெடுத்துத் தைத்தது மாதிரி அடங்கியது. மெஷின் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்த முப்பது நாளும் ஒவ்வொரு காலையும் அதைத்தான் அடித்து நான் உள்ளே போனேன்.

வாப்பாவின் பெயரை நானா சொல்ல, தேடினேன். மழை இரைச்சல் கொஞ்சம் கூடியது. பிறகு அந்த ஒரு வரி அடியிலிருந்து எழுந்து வந்தது: பேமிற் இலக்கம், காணித் துண்டின் இலக்கம், ஏக்கர் இரண்டு, பெயர். அவ்வளவுதான். நானா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“வாசிங்க தம்பி.”

வாசித்தேன்.

“பேர மட்டும் இன்னொருக்கா.”

இன்னொருதடவை வாசித்தேன். அவர் திரையைத் தொடவில்லை. தொடுகிற தூரத்தில் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அச்சு இயந்திரம் கறகறவென்று தலையை ஆட்டி ஆட்டி அந்த வரியைக் கடதாசியில் இறக்கியது. அக்கா முத்திரையை ஊதி, மை பார்த்து, முழுப் பலத்தோடு குத்தினார். அந்தக் குத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது என்று நினைக்கிறேன்.

“நாளைக்கு நீரும் போம்,” என்றார் என்னிடம். “கச்சேரியிலை ஆரும் இந்தப் பேப்பர் என்னெண்டு கேட்டால் உம்மட மூஞ்சையைக் காட்டும். அதுக்காவது உதவட்டும்.”

போனேன். பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். வெளியே மர நிழலில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். எல்லாருடைய கையிலும் பொலித்தீன் பை, பைக்குள் மடித்த கடதாசி, கடதாசிக்குள் ஒரு துண்டு நிலம். இலைகளுக்கிடையால் விழுந்த வெயிலில் எல்லாப் பைகளும் மினுங்கின. ஒரு குளம் கரையேறி வந்து மர நிழலில் குந்தியிருப்பது போல இருந்தது.

நானாவின் முறை வந்ததும் அதிகாரி அச்சடித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பிலுள்ள துளைகளைக்கூட விரலால் தடவிப் பார்த்தார்.

“இது நேற்று எடுத்திருக்கு. இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?”

நான் வாயைத் திறப்பதற்குள் நானா சொன்னார்: “நாந்தான் சேர் சுணங்கிட்டன். தம்பியாக்கள் உடனேயே எடுத்துத் தந்தாங்க.”

அதிகாரி என் மூஞ்சையைப் பார்த்தார். அதைக் கண்டு என்ன முடிவுக்கு வந்தாரோ தெரியாது. குனிந்து தன் பேரேட்டில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டி நானாவிடம் கையெழுத்து வாங்கினார். “சரி. உங்கட காணிதான். கல்லுகளைப் பாத்து எல்லையைப் பிடியுங்கோ. நில அளவைக்காரர் வருவினம்.”

வெளியே வந்ததும் நான் கேட்டேன். “ஏன் நானா அப்பிடிச் சொன்னீங்கள்?”

“பின்ன என்ன சொல்ற? சைபரப் பத்தி அந்த மனிசனுக்கு விளங்கப்படுத்தி முடிய அசர் தொழுகையும் போயிரும்.” சிரித்துவிட்டு, “வாங்க தம்பி, காணியப் பாத்துட்டுப் போவம்,” என்றார்.

வேறொருவரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். அவர் மிதிக்க நான் கரியரில் இருந்தேன்; அரைவழியில் மாறினோம். மிதிவெடி எடுத்து முடித்ததற்கு அடையாளமாக வீதியோரத்தில் வெள்ளை பூசிய தடிகள் நட்டிருந்தார்கள். அதற்கப்பால் பற்றை. பற்றைக்குள் ஒரு ஒற்றையடி. அதன் முடிவில் நானா சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

நான் கண்டது முள்ளும் நாயுண்ணிப் பற்றையும். அவர் அதற்குள் கையை விலக்கி விலக்கி நடந்து, “இந்தா ஒரு கல்லு,” என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பக்கத்திலிருந்து, “இந்தா மத்தது.” மூன்றாவதைக் கறையான் புற்று ஒன்று பாதி விழுங்கியிருந்தது. நாலாவது இல்லை. யாரோ பிடுங்கி உரலுக்கு அடியில் வைத்திருப்பார்கள், அல்லது அம்மிக்கு. அவர் மூன்றாவது கல்லிலிருந்து அடி அளந்து நடந்து வந்து, என்னைத் தோளில் பிடித்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“இதுதான் தம்பி நாலாவது மூலை. நீங்க இதுல நில்லுங்க. அசையாதீங்க. நான் அங்கால போய் நேர் பாத்து ஒரு தடி வெட்டிக் கொண்டாறன்.”

நின்றேன். வெயில் சரிந்துகொண்டிருந்தது. கணுக்காலில் எறும்பு ஏறியது, குனியவில்லை. எனக்கு முன்னால் இரண்டு ஏக்கர் பற்றை காற்றில் அசைந்தது. எங்கேயோ ஒரு செம்பகம் கூப்பிட்டது. நானா உள்ளே போய் மறைந்துவிட்டார். கொப்புகள் முறியும் சத்தமும், அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் மட்டும் கேட்டன. இந்தப் பக்கம் குசினி. வாசல் அந்தப் பக்கம். மாடு இங்கே. பின்னேரக் காற்று இப்படித்தான் வரும்.

“நிக்கிறீங்களா தம்பி?” என்று தூரத்திலிருந்து குரல் வந்தது.

“நிக்கிறன் நானா,” என்றேன்.

“கொஞ்சம் இடப்பக்கம். ஆ, போதும். அதான்.”